மூன்று சுழி

மிஷன் வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்
பிரெஞ்சுச் சான்றிதழ்களைத் தமிழாக்குகிறவள் நான்.
பிறப்பு, இறப்பு, மணமுறிவு.
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய், முத்திரை தனி.

இந்த மழைக்காலம் ஒரு நாவல் வந்தது.
போலிஷில் எழுதி, பிரெஞ்சுக்குப் போய்,
அட்டை கிழிந்து என் மேசைக்கு வந்த நாவல்.
ஆசிரியர் பெயர் இருந்த தாளைக் கரையான் தின்றிருந்தது.
முன்பணம் குறைவு. ஒத்துக்கொண்டேன்.

கதை நடக்கும் காலத்தில் போலந்து என்றொரு நாடு இல்லை.
மூன்று பேரரசர்கள் அதைப் பலாப்பழமாய்ப் பிளந்து
கையில் எண்ணெய் தடவிக்கொண்டு
ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஹிபோலித் என்றொருவர்.
பள்ளிக்கூடத்தில் சொந்த பாஷை பேசிப்
பிரம்படி வாங்கி வளர்ந்தவர்.
வீட்டுச் சுவரில் ஆப்பிரிக்கப் படம் மாட்டியிருக்கிறார்.
நடுவில் வெள்ளையாய் விட்ட இடத்தில்
விரலை வைத்துச் சொல்கிறார், பதினோராம் அதிகாரத்தில்:

"எங்களுக்கும் ஒரு காலனி வேண்டும்."

பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன்.
ஜெராக்ஸ் கடைப் பையன் படியேறி எட்டிப் பார்த்தான்.

தினமும் கடலூர் முதுநகரிலிருந்து வருகிறேன்.
சாயங்காலம் திரும்பும்போது முதலில் ஊர் ஸ்டாப்.
அடுத்தது காலனி ஸ்டாப்.
நடுவில் அரைக் கிலோமீட்டர் இருக்காது,
அதற்கும் தனியாக ஒரு விசில்.
யார் எதில் இறங்குகிறார்கள் என்று
ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள்.
ஹிபோலித் துரையே,
எங்களிடம் ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளும்.
கிழக்கே சுடுகாடு,
ஐப்பசியில் முழங்கால் தண்ணீர்.

(பான் என்றால் ஐயா என்றது அகராதி.
நான் துரை என்றே போட்டேன்.)

அவர் நல்லவர். அதுதான் கஷ்டம்.
அடிபட்ட இனம் நாம், ஆகவே
அன்பான எஜமானர்களாக இருப்போம் என்கிறார்,
இரண்டு பக்கத்துக்கு.
வெள்ளைக்காரன் முன்னால் கைகட்டி நின்றவர்
வீடு திரும்பும் வழியில்
எங்கள் ஆட்களைக் கைகட்டி நிற்க வைத்தார்.
நாவல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை எனக்கு.

நடுவில் ரெயூனியோனிலிருந்து ஒரு அம்மாள் வந்தார்.
மதாம் மூனுஸாமி. தமிழ் தெரியாது.
கப்பலேறிய பாட்டனின் பாட்டன்
பதிவேட்டு நகலில் இருந்தார்:
வயது இருபத்திரண்டு. இடது முழங்காலில் வடு.
சாதிக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் ஒரு சொல்.
ஊர்க் கட்டத்தில் வெறும் கோடு.
"இந்தக் கோடு எங்கே இருக்கிறது? பஸ் போகுமா?"
முத்திரைக்குக் காசு வாங்கவில்லை.

கடைசி அதிகாரத்தில் துரை இல்லை.
பெட்ரோனெலா வருகிறாள், மூன்று பிள்ளைகளோடு.
பிரேசிலில் நிலம் சும்மா கொடுக்கிறார்களாம்,
மாதா கோயில் வாசலில் யாரோ சொன்னார்கள்.
ரயிலடி வரைக்கும் சேற்றில் வெறுங்காலோடு நடக்கிறாள்.
இருப்பது ஒரே ஜோடி பூட்ஸ்,
தேய்ந்துவிடக் கூடாதென்று
கழுத்தில் தொங்குகிறது.
அங்கே போய் உனக்கு என்ன வேண்டும் என்கிறான் எல்லைச் சிப்பாய்.
துரைமார் பேசியதை எங்கேயோ கேட்டிருக்கிறாள்,
அர்த்தம் தெரியாது,
அதே வாக்கியத்தைச் சொல்கிறாள்.

நேற்று புரூஃப் வந்தது.
அச்சகத்தில் பிழை பார்க்கும் பக்கிரிசாமி
என் இரண்டு சுழியை எல்லாம்
சிவப்பு மையால் மூன்று சுழியாக்கியிருந்தார்.

எங்களுக்கும் ஒரு காலணி வேண்டும்.

துரையின் அதிகாரங்களில் நாற்பத்தொரு இடம்.
ஒவ்வொன்றாய்ப் பழையபடி மாற்றினேன்,
ஏழு மணி பஸ்ஸும் போய்விட்டது.
பெட்ரோனெலாவின் பக்கத்தில் ஒரே இடம்.
பேனாவை அதன்மேல் கொண்டுபோய்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

பிறகு மூடிவிட்டேன்.
பிழை என்று யாராவது கடிதம் போட்டால்
பக்கிரிசாமியைக் கேட்கச் சொல்வேன்.